800 கோடி வாயும் நம்ம வயலும்

போன மாதம் எங்கள் வட்டாரத்தில் ஒரு உழவர் பயிற்சி நடந்தது. பேச வந்தவர் நல்ல மனிதர். படித்தவர். யாரையும் இளக்காரமாகப் பேசவில்லை. ஆனால் இயற்கை வேளாண்மை பற்றி நான் ஒரு கேள்வி கேட்டதும், இருபது வருசமாகக் கேட்டுப் புளித்துப்போன அதே பதிலைத்தான் சொன்னார்.

"ஐயா, நீங்க ரெண்டு ஏக்கர்ல மாப்பிள்ளைச் சம்பா போட்டு உங்க வீட்டுக்கு வச்சுக்கலாம், தப்பில்ல. ஆனா உலகத்துல 800 கோடி பேர் இருக்காங்க. உப்பும் மருந்தும் இல்லாம அத்தனை பேருக்கும் யாரு சோறு போடுறது?"

கூட்டம் தலையாட்டியது. எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் போய் உட்கார்ந்தோம். இலையில் மலை போல வெள்ளைச் சோறு, சாம்பார், உருளைக்கிழங்கு, அப்பளம், ஒரு இனிப்பு. பந்தியில் ஐம்பது வயதுக்குக் கீழே ஓர் ஆள் இல்லை. சாப்பிடும் முன்னால் பாதிப் பேரின் கை சட்டைப் பைக்குப் போனது. "சுகருக்கு ஒண்ணு, பிரஷருக்கு ஒண்ணு" என்று பக்கத்தில் இருந்த அண்ணன் மாத்திரையைக் காட்டிச் சிரித்தார்.

800 கோடிப் பேருக்குச் சோறு போடுகிறவர்கள் நாங்கள்தான். எங்கள் நிலைமை இது. அன்றைக்கு அவரிடம் சொல்ல முடியாமல் போன பதிலை இங்கே எழுதுகிறேன்.

தலைக்கணக்கு

2022 நவம்பர் 15 அன்று உலக மக்கள்தொகை 800 கோடியைத் தொட்டதாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது. அடுத்த ஆண்டே இந்தியா சீனாவை முந்தி முதலிடத்துக்கு வந்தது. இந்த இரண்டு செய்தியையும் எல்லோரும் படித்திருப்போம். இதே கணக்கின் அடுத்த பக்கத்தைத்தான் யாரும் மேடையில் படித்துக் காட்டுவதில்லை.

1960-களின் தொடக்கத்தில் உலகத்தில் ஒரு பெண் சராசரியாக ஐந்து பிள்ளை பெற்றாள். இன்று அது இரண்டேகால். தென்கொரியாவில் 2023-ல் 0.72, அதாவது ஒரு பிள்ளைகூட இல்லை. சீனாவின் மக்கள்தொகை 2022-ல், அறுபது ஆண்டுக்குப் பிறகு முதல் முறையாகக் குறைந்தது. ஐ.நா.வின் 2024 மதிப்பீடு என்ன சொல்கிறது? 2080-களின் நடுவில் உலக மக்கள்தொகை ஏறத்தாழ 1030 கோடியைத் தொடும். அதன்பிறகு மெல்ல இறங்கத் தொடங்கும். இனி கூடப்போகிற தலைகளில் பெரும்பங்கு சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில்.

நம்ம ஊர்க் கணக்கும் இதேதான். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளை 2005–06 குடும்பநலக் கணக்கெடுப்பிலேயே 1.8. 2019–21 கணக்கெடுப்பிலும் 1.8. ஒரு தலைமுறைக்குப் பதில் அடுத்த தலைமுறை சமமாக வர 2.1 வேண்டும் என்பார்கள். நாம் அதற்குக் கீழே இறங்கி இருபது ஆண்டு ஆகிவிட்டது. நம்பிக்கை இல்லாவிட்டால் உங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பை எட்டிப் பாருங்கள். எங்கள் ஊரில் ஒரு கை விரலே போதும் எண்ணுவதற்கு.

"சனத்தொகை வெடிக்குது, அதனால ரசாயனம் வேணும்" என்ற பேச்சு அறுபதுகளின் பேச்சு. உலகம் அந்த இடத்தைத் தாண்டி வந்துவிட்டது.

தானியக் கணக்கு

சரி, இருக்கிற 800 கோடிக்குச் சோறு இருக்கிறதா? நாமே ஒரு கணக்குப் போடுவோம். நெல், கோதுமை, மக்காச்சோளம், சிறுதானியம் எல்லாம் சேர்த்து உலகம் ஆண்டுக்கு 280 கோடி டன் அளவுக்கு விளைவிக்கிறது. 800 கோடியால் வகுத்தால் தலைக்கு 350 கிலோ. நாளுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ. கைக்குழந்தைக்கும் ஒரு கிலோ, படுத்த படுக்கையாக இருக்கிற பாட்டிக்கும் ஒரு கிலோ. யாரால் தின்ன முடியும்?

ஆனாலும் 2024-ல் 67 கோடிப் பேர் பசியோடு இருந்தார்கள் என்று ஐ.நா. அமைப்புகளே சொல்கின்றன. மீதித் தானியம் எங்கே போனது? மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கோழிக்கும் பன்றிக்கும் மாட்டுக்கும் தீவனமாகப் போகிறது. அமெரிக்காவில் விளைகிற மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எத்தனாலாகி வண்டியில் எரிகிறது. நம் நாட்டிலும் இப்போது அரிசியும் மக்காச்சோளமும் எத்தனால் ஆலைக்குப் போகத் தொடங்கிவிட்டன. இது போக, 2022-ல் மட்டும் வீடு, கடை, உணவகம் இவற்றில் வீணாய்ப்போன உணவு 105 கோடி டன்.

விளைச்சல் பற்றாமல் பசி வருவதில்லை. வாங்க வழியில்லாமல் வருகிறது. 1943 வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென் இதைத்தான் காட்டினார். அங்கே இலட்சக்கணக்கில் செத்தவர்களில் பெரும்பாலோர் கூலிக்காரர்களும் மீனவர்களும். அரிசி இருந்தது, அதை வாங்கும் காசு அவர்கள் கையில் இல்லை.

"இந்த 280 கோடி டன்னும் உரம் போட்டு வந்ததுதானே?" என்று கேட்பீர்கள். பெரும்பகுதி அப்படித்தான். நாளைக் காலையில் எல்லோரும் உரத்தை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. 2021-ல் இலங்கையில் ஒரே உத்தரவில் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். நெல் விளைச்சல் விழுந்தது, உழவர் தெருவுக்கு வந்தனர், அதே ஆண்டு நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றார்கள். செத்த மண் உத்தரவு போட்டால் எழுந்து நிற்காது. தொழுவுரமும் பசுந்தாளும் போட்டு மூன்று நான்கு வருசம் பாடுபட்டவனுக்கு அது தெரியும். மாற்றத்துக்கு நேரம் தேவை என்பது உண்மை. 800 கோடியைக் காட்டி மாற்றமே வேண்டாம் என்பதுதான் பொய்.

இனி வயசு வாரியாகப் பார்ப்போம். 800 கோடி என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. அவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

பிள்ளைகள்

முதலில் நல்ல செய்தி. 1990-ல் உலகத்தில் ஐந்து வயது நிறையும் முன்பே செத்த பிள்ளைகள் ஒரு கோடியே 25 இலட்சத்துக்கு மேல். 2022-ல் அது 49 இலட்சம். தடுப்பூசி, உப்புச் சர்க்கரைக் கரைசல், நல்ல தண்ணீர், மருத்துவமனைப் பிரசவம் இவையெல்லாம் செய்த வேலை. இதை மறுத்துப் பேசுகிறவர்கள் நம் கூட்டத்திலும் இருக்கிறார்கள். "அந்தக் காலத்துல எல்லாரும் நூறு வயசு வாழ்ந்தாங்க" என்பார்கள். இல்லை, வாழவில்லை. நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் இன்றைய ஆயுளில் பாதியை ஒட்டித்தான் இருந்தது. என் பாட்டி பெற்றது ஒன்பது, தங்கியது நாலு. அந்த ஐந்து பேரும் கம்பங்கூழ் குடித்த வீட்டுப் பிள்ளைகள்தான்.

இப்போது கெட்ட செய்தி. பிழைத்த பிள்ளைகள் தேறவில்லை. உலகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 15 கோடிப் பிள்ளைகள் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் குறுகிப்போயிருக்கிறார்கள். 2019–21 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100-க்கு 67 பேருக்கு இரத்தச் சோகை. தமிழ்நாட்டில் 57. 1956-லேயே பள்ளியில் மதிய உணவு போடத் தொடங்கிய மாநிலம் இது. வயிறு நிறைந்தது. இரும்புச் சத்து வரவில்லை.

இன்னொரு பக்கம் பார்த்தால், 2022-ல் உலகத்தில் 5 முதல் 19 வயதுக்குள் அளவுக்கு மீறிய உடற்பருமனோடு 16 கோடிப் பிள்ளைகள். ஒரே தெருவில் ஒரு பிள்ளை வற்றிக் கிடக்கிறது, ஒரு பிள்ளை ஊதிக் கிடக்கிறது. இரண்டு பேர் கையிலும் அதே ஐந்து ரூபாய்ப் பாக்கெட்.

நடுவயது

உழைக்கிற வயதில் இருப்பவர்கள் நிலைமை என்ன? 2022 கணக்கில் உலகத்தில் 80 கோடிக்கு மேற்பட்ட பெரியவர்களுக்குச் சர்க்கரை நோய். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. வருகிற வரிசையில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடிப் பேர். ஒரு காலத்தில் "பணக்கார நோய்" என்றோம். இன்று நடவு நடுகிற அக்காவும் மாத்திரை முழுங்கிவிட்டுத்தான் சேற்றில் இறங்குகிறார்.

காரணம் ஒன்றல்ல; உட்கார்ந்தே பார்க்கிற வேலை, தூக்கமின்மை, சாராயம், பரம்பரை எல்லாம் உண்டு. ஆனால் தட்டும் ஒரு காரணம். நம் நாட்டில் ஒரு ஆள் ஒரு நாளில் பெறும் ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது. அதிலும் பெரும்பகுதி தீட்டிய அரிசி, மைதா, சர்க்கரை. தீட்டிய அரிசி அதிகம் தின்றவர்களிடம் சர்க்கரை நோய் கூடுதலாக இருப்பதைச் சென்னையில் நடந்த ஆய்வு காட்டியது.

இந்தத் தட்டு தானாக வந்துவிடவில்லை. ஐ.ஆர்.8 வந்த நாளிலிருந்து விலை, கொள்முதல், மானியம், வாய்க்கால் தண்ணீர், ஆராய்ச்சி எல்லாம் இரண்டே பயிருக்குப் போயின: நெல், கோதுமை. கம்பும் கேழ்வரகும் துவரையும் கொள்ளும் மானாவாரிக் காட்டில் மழையை நம்பிக் கிடந்தன. நாம் எதை விளைத்தோமோ அதை நாடு தின்றது. நாடு எதைத் தின்றதோ அது உடம்பில் தெரிகிறது. நம்மை மிரட்டுகிற அந்த ஒரு கேள்வி, "எத்தனை டன்?" என்பது, இந்த இடத்தில்தான் தோற்றுப்போகிறது. டன் கூடியது. நலம் கூடவில்லை.

இங்கே நம் ஆட்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நஞ்சில்லாமல் விளைந்த அரிசியை வெள்ளை வெளேரென்று தீட்டித் தின்றால் அதுவும் மாவுச்சத்துதான். "நாட்டுச் சர்க்கரைதானே, சுகர்காரங்க சாப்பிடலாம்" என்று சந்தையில் சொல்லி விற்கிறவர்களைப் பார்க்கிறேன். சாப்பிடக் கூடாது. கருப்பட்டி போட்டாலும் இனிப்பு இனிப்புதான். கறுப்புக் கவுனி தின்றால் மாத்திரையை நிறுத்தலாம் என்று சொல்வது பாவம். நம்பி நிறுத்தியவனுக்குக் கால் போனால் யார் பொறுப்பு? நம் பொருளின் உண்மையான பெருமையே நமக்குப் போதும்.

முதியவர்கள்

2070-களின் கடைசியில் உலகத்தில் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைவிட 65 வயது தாண்டியவர்கள் அதிகமாக இருப்பார்கள் என்கிறது ஐ.நா. மனித வரலாற்றில் இதுவரை நடக்காத ஒன்று. தமிழ்நாட்டுக்கு அது சீக்கிரமே வருகிறது. 2011 கணக்கெடுப்பில் இங்கே 60 வயது தாண்டியவர்கள் 100-க்குப் பத்துப் பேர். 2031-ல் 18 பேர் இருப்பார்கள் என்பது நடுவண் அரசின் மதிப்பீடு.

நீண்ட ஆயுள் நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் 2019 கணக்கைப் பாருங்கள். உலகச் சராசரி ஆயுள் 73. அதில் நலமாக வாழும் ஆண்டுகள் 63 சொச்சம். மீதிப் பத்து ஆண்டு நோயோடும் முடியாமையோடும் போகிறது. உயிரோட இருக்கிற வருசம் கூடிச்சு. நல்லா இருக்கிற வருசம் அந்த அளவுக்குக் கூடல. அந்தப் பத்து வருச மருந்துச் செலவுக்குத்தான் பல ஊரில் நிலம் விலைக்குப் போகிறது. வறட்சியில் விற்காத நிலத்தை டயாலிசிஸுக்கு விற்ற குடும்பம் எங்கள் ஊரிலேயே உண்டு.

உழுகிறவர் வயசு

இந்த வயசுக் கணக்கில் எல்லோரும் மறக்கிற ஓர் ஆள் உண்டு. உழவர்.

ஜப்பானைப் பாருங்கள். அங்கே மக்களில் பத்தில் மூன்று பேர் 65 தாண்டியவர்கள். 2020 கணக்கெடுப்பில் உழவையே முதன்மைத் தொழிலாகக் கொண்டவர்களின் சராசரி வயது 67.8. எந்திரம், மானியம், நல்ல விலை எல்லாம் உள்ள நாடு. ஆனாலும் ஏறிப்போக ஆளில்லாமல் மலைச்சரிவு வயல்கள் புதர் மண்டிக் கிடக்கின்றன.

நமக்கு அது வேறு நாட்டுக் கதை இல்லை. தஞ்சைப் பக்கம் இப்போது நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். மேற்கே தென்னந்தோப்பிலும் கோழிப் பண்ணையிலும் பீகார்ப் பையன்கள். வேலைக்கு வரும் அந்தப் பிள்ளைகளை நம்மில் சிலர் ஏளனமாகப் பேசுகிறார்கள். 2019–21-ல் பீகாரில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளை 3, நமக்கு 1.8. இளம் கைகள் எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதான் வரும். இன்னும் இருபது வருசத்தில் அங்கேயும் பிறப்பு குறைந்துவிடும். அப்புறம் யார் வருவார்?

"800 கோடிப் பேருக்கு யாரு சோறு போடுறது?" என்று கேட்டாரே, அது உண்மையில் நல்ல கேள்வி. கேட்டவர் உரத்தை நினைத்துக் கேட்டார். நான் ஆளை நினைத்துக் கேட்கிறேன். யாரு?

என்ன செய்யலாம்

எனக்குத் தெரிந்த நான்கைச் சொல்கிறேன். ஐந்தாவதை நீங்கள் சொல்லுங்கள்.

ஒன்று, நம் விளைச்சல் பிள்ளைகள் தட்டுக்குப் போக வேண்டும். இன்றைக்கு நம் கேழ்வரகும் தினையும் நகரத்துக் கடையில் கண்ணாடி அலமாரியில் கிலோ நூறு நூற்றைம்பதுக்கு நிற்கிறது. இரத்தச் சோகை உள்ள பிள்ளை அந்தக் கடைப் பக்கம் வருவதே இல்லை. அங்கன்வாடி, சத்துணவு, 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் மூன்றுக்கும் அந்தந்த ஒன்றியத்திலேயே சிறுதானியம், பயறு, கீரை, முட்டை வாங்கச் சொல்லிக் கேட்போம். நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023-ல் நியாயவிலைக் கடையில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். மற்ற மாவட்டங்களுக்கும் அது வரட்டும். கிராம சபையில் தீர்மானம் போட இது போதாதா?

இரண்டு, நெல் மட்டும் போடுகிறவர்கள் வரப்பில் துவரை, நெல் அறுத்ததும் உளுந்து, வீட்டைச் சுற்றி முருங்கை, பப்பாளி, கீரைப் பாத்தி வையுங்கள். மானாவாரிக்காரர்கள் பழைய கலப்புப் பயிருக்குத் திரும்புங்கள்: கம்பு, துவரை, தட்டைப்பயறு, ஆமணக்கு. மண்ணுக்கும் தட்டுக்கும் ஒரே மருந்து. முதலில் நம் வீட்டு இலை மாற வேண்டும். உழவர் கூட்டத்திலேயே வெள்ளைச் சோறும் உருளைக்கிழங்கும் பரிமாறிக்கொண்டு யாருக்குப் பாடம் சொல்வது?

மூன்று, வயசான கைக்கேற்ற கருவி. எழுபது வயது அம்மா தள்ளுகிற எடையில் களையெடுப்பான், குனியாமல் விதைக்கும் கருவி, ஊருக்கு ஒரு சிறுதானிய உமி நீக்கும் எந்திரம். சாமையும் குதிரைவாலியும் காட்டை விட்டுப் போனதற்கு முதல் காரணம் குத்தி எடுக்கிற பாடுதான். அந்தப் பாட்டைப் பெண்கள் தலையில் மட்டும் மறுபடியும் ஏற்றி வைத்துவிட்டு "மரபு உணவு" என்று பேசக் கூடாது.

நான்கு, நிலம் இல்லாத இளையவரையும் ஆள் இல்லாத நிலத்தையும் சேர்த்து வைக்க வேண்டும். பிள்ளை வெளிநாட்டில், பெரியவர் தனியாக, காடு தரிசாக என்று ஊர் ஊருக்கு இருக்கிறது. விவசாயம் பார்க்க ஆசைப்படும் பையனும் பெண்ணும் இருக்கிறார்கள். குத்தகைக்கு எழுதிக் கொடுக்கப் பயப்படுகிறார்கள். ஐந்தாறு வருசத்துக்கு இரண்டு தரப்புக்கும் பாதுகாப்பான எழுத்து ஒப்பந்தத்தை நம் இயக்கம் நடுவில் நின்று செய்து கொடுக்கலாம். மண் தேற அந்தக் காலம் வேண்டும். உழவருக்கு மாத வருமானம் போல ஒன்று கையில் நிற்காவிட்டால் எந்த இளைஞனும் வரமாட்டான், வரச் சொல்வதும் நியாயமில்லை.

அந்தப் பயிற்சியில் பேசியவரை அடுத்த கூட்டத்துக்கு நம் ஊருக்கே அழைக்கலாம் என்று நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். வாதாட அழைக்கவில்லை. முதலில் இலை போடுவோம். குதிரைவாலிச் சோறு, துவரம் பருப்பு, முருங்கைக்கீரை, கொள்ளு ரசம். சாப்பிட்டு முடித்தபிறகு, பந்தியில் இருக்கிறவர்கள் வயசை அவரையே எண்ணிப் பார்க்கச் சொல்வோம். அதற்குள் முப்பது வயதுக்குக் கீழே இரண்டு பேரையாவது அந்தப் பந்தியில் உட்கார வைக்க வேண்டும். இந்த ஆடிப் பட்டத்துக்குள் என்னுடைய வேலை அதுதான்.